மூத்தவளுக்குப் பொறுமை

விருந்தாளிகள் வருவதற்குள் தையல் மிஷினை ஒளித்துவைத்தாக வேண்டும். அப்பா ஒரு பக்கமும் பெரிய தம்பி ஒரு பக்கமும் பிடித்து, வாசற்படியில் இடித்து, ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு அதைப் படுக்கையறைக்குள் கொண்டுபோனார்கள். வெட்டிவைத்த சாம்பல் நிறப் பாவாடைகளையும் பட்டன் வைக்காத வெள்ளைச் சட்டைகளையும் அம்மா மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். எல்லாம் பள்ளிக்கூடச் சீருடைகள். அந்த வீட்டுப் பிள்ளைகளில் மூத்த இருவர் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்து வருஷங்கள் ஆகின்றன, கடைசி இருவர் மிதித்ததே இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு ஓடுகிற சட்டை பாதி அந்த வீட்டில் தைத்ததுதான். "வீட்டுலயே எப்படிப் படிக்க வைக்கிறோம்னு பாக்க வர்றாங்க, இது எதுக்கு அவங்க கண்ணுல படணும்?" என்றார் அப்பா.

மூத்தவள் துடைப்பமும் கையுமாக நின்று இந்தக் கூத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பதினாறு வயது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிற சபையில் எல்லாருக்கும் அவள் 'சின்ன டீச்சர்'. பெரிய டீச்சர் யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும், ஏனென்றால் அப்படி ஒரு ஆளே கிடையாது. அப்பா ஏசி மெக்கானிக். காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார். அம்மா மிஷினை விட்டு எழுந்தால் அடுப்படி, அடுப்படியை விட்டால் மிஷின். பெரிய தம்பியின் கணக்கு, எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் வக்கீல் என்று பேர் வாங்கிய சின்னத் தம்பியின் கையெழுத்து, பட்டாணி என்று கூப்பிடுகிற கடைசித் தங்கையின் அகரவரிசை, எல்லாம் இவள் தலையில்.

ஆரம்பத்தில் இது நல்லதாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் வாய் அழுகிப்போகும். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் பெரிய தம்பியின் விரல்கள் வீங்கும்படி அடித்துவிட்டார். கேட்கப் போன அப்பாவைக் கால் கடுக்க வெளியே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகளைக் கர்த்தர் நம் கையில்தானே கொடுத்தார், நாமே படிக்க வைப்போம் என்று அன்றைக்கே முடிவானது. அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். ரொட்டியை வெட்டினால் பின்னம், மழைத்தண்ணீரைப் பிடித்து அளந்தால் கணக்கு. மூத்தவள் ஒரு பாடம் கேட்டால் மூன்று பாடம் தானே படித்துவிடுவாள். பிறகு சீருடை வேலை பெருகியது, சின்னவர்கள் எழுத்துக்கு வந்தார்கள். "கொஞ்ச நாளைக்கு நீ பாத்துக்கோடி" என்றாள் அம்மா. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அறிவியல் புத்தகத்தில் மின்சாரப் பாடத்தின் நடுவே அவள் அடையாளத்துக்கு வைத்த சாம்பல் நிறத் துணித்துண்டு வைத்த இடத்திலேயே இருக்கிறது.

அந்த வீட்டில் பொழுது விடிவதே ஜெபத்தில்தான். அப்பா பிள்ளைகள் ஒவ்வொருவருக்காகவும் உருகி உருகி ஜெபிப்பார். அதில் கள்ளம் கபடு கிடையாது. "ஆண்டவரே, பெரியவனுக்கு அல்ஜீப்ரா புரியப் பண்ணும். நடுவுலவனோட கையெழுத்த சீர்ப்படுத்தும். சின்னவளுக்கு வாசிப்பக் குடும். மூத்தவளுக்குப் பொறுமையத் தாரும்." தினமும் இதேதான். வருஷக்கணக்காக அவளும் கண்ணை மூடி இதற்கு ஆமென் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜெபத்துக்கு அங்கே ஒரே ஒரு சட்டம். யார் ஜெபித்தாலும் அவர் ஆமென் சொல்லும்வரை கண் திறக்கக் கூடாது, குறுக்கே பேசவும் கூடாது. ஒருநாள் வாய்ப்பாடு ஒப்பிப்பதற்குப் பயந்து வக்கீல் காலை ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனான். சொந்தபந்தம், அக்கம்பக்கம், தெருநாய், தண்ணீர் லாரி என்று ஒன்றையும் விடவில்லை. தேநீர் ஆறி ஆடை கட்டியது. அப்பாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது, ஆனாலும் வாய் திறக்கவில்லை. "கர்த்தர்கிட்ட பேசுறவன மனுஷன் தடுக்கக் கூடாது" என்று பிறகு சொன்னார். அடியும் பிறகுதான் விழுந்தது.

போன வாரம் பெரிய தம்பி அவள் நிறுத்திய இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டான். அடுத்த பக்கத்துக் கணக்கு அவளுக்கும் புதிது. முட்டி மோதிப் பார்த்தாள், மண்டையில் ஏறவில்லை. வெட்கத்தை விட்டு அப்பாவிடம் போய், "இதுக்கு மேல எனக்கே தெரியாதுப்பா" என்றாள். தனக்குச் சொல்லித்தர யாரையாவது பாருங்கள் என்று அவள் கேட்கத் தொடங்கி எத்தனையோ நாளாயிற்று. கேட்கும்போதெல்லாம், எல்லாவற்றுக்கும் ஆண்டவர் ஒரு வேளை வைத்திருக்கிறார் என்பார். பெரிய தம்பிக்கு மட்டும் ஆண்டவருடைய வேளை மறுநாளே வந்துவிட்டது. சபையில் இருக்கிற ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் தினமும் சாயங்காலம் வீட்டுக்கே வந்து சொல்லித்தருவதாக ஏற்பாடாகியது.

"அவன் நாளைக்குப் பரீட்சை எழுதணும்ல" என்றார் அப்பா.

"நானும் கூட உக்காந்து படிக்கிறேன்ப்பா. இந்த வருஷமே பத்தாவது தனியா எழுதிடுறேன்."

"நீ உக்காந்தா சின்னதுங்கள யாரு பாக்குறது? உனக்கு என்னம்மா அவசரம். அடுத்த வருஷம் பாக்கலாம்."

போன வருஷமும் அடுத்த வருஷம்தான். தோளில் ஏறி நின்றவனுக்கு மாடி, தோள் கொடுத்தவளுக்குத் தரையா? அம்மாவிடம் போனாள். அம்மா மிஷினை நிறுத்தாமலே, "நான் சொல்லித்தான் பாத்தேன்" என்றாள். "எப்பம்மா சொன்ன?" என்று இவள் கேட்டதும் அம்மா நூலைப் பல்லால் கடித்தாள், கடித்த நூலை ஊசியில் கோர்க்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. அடுத்த நாள் காலை, மூத்தவளுக்குப் பொறுமையைத் தாரும் என்று அப்பா ஆரம்பித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் இவளுக்கு ஏதாவது புரியட்டும் என்று இந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் ஜெபித்ததில்லை. சுமக்கிற கழுதைக்கு முதுகு பலமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதற்குப் பேர் அன்பா? அன்றைக்கு அவள் ஆமென் சொல்லவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

விருந்தாளிகள் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி, பதினொரு வயது மதிக்கத்தக்க ஒரு மகள், ஒரு கைக்குழந்தை. தங்கள் மகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த குடும்பம். குழந்தை அம்மாவின் இடுப்பில் இல்லை, அக்காவின் இடுப்பில் இருந்தது. அந்தப் பெண் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற தினுசைப் பார்த்ததுமே மூத்தவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பட்டாணியைத் தூக்கித் தூக்கி அவளும் அப்படித்தான் சாய்ந்து நின்றிருக்கிறாள்.

அப்பா மேசையைக் காட்டினார், சுவரில் ஒட்டிய வரைபடத்தைக் காட்டினார். பட்டாணி வாசித்துக் காட்டினாள், வக்கீல் நல்லவேளையாக எதிர்க்கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "நாங்க இப்படித்தான் சொல்லிக் குடுக்குறோம், நாங்க இந்த முறையத்தான் வச்சிருக்கோம்" என்று அப்பா வார்த்தைக்கு வார்த்தை 'நாங்கள்' போட்டார். அந்த வரைபடத்தை வரைந்தவள் தட்டில் பிஸ்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர், அவளைப் பார்த்து, "நீ என்னம்மா படிக்கிற?" என்று கேட்டார்.

"அவ சொல்லிக் குடுக்குறா" என்றார் அப்பா. "படிக்கிறதவிட சொல்லிக் குடுக்குறதுலதான் ஜாஸ்தி கத்துக்கலாம், இல்லையா?"

மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு முகம் மலர்ந்துபோயிற்று. தன் மகளின் தலையைத் தடவி, "அப்ப நமக்கும் கவலையில்ல. நம்ம வீட்டுலயும் ஒரு சின்ன டீச்சர் இருக்காளே" என்றாள்.

அந்தப் பெண் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு மெதுவாக மூத்தவளின் பக்கத்தில் வந்தாள். "உங்களுக்கு யாருக்கா சொல்லித் தர்றாங்க?" என்று காதோரமாகக் கேட்டாள். ஒரு சின்னப் பெண்ணுக்குக் கேட்கத் தோன்றியது பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூத்தவள் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நீட்டினாள்.

"சரி, ஜெபிச்சு முடிச்சுக்கலாம்" என்று அப்பா எழுந்தார். "எங்க சின்ன டீச்சரே ஜெபிக்கட்டும்."

எல்லாரும் எழுந்து நின்று தலைகுனிந்து கண்ணை மூடினார்கள். அவளும் மூடினாள். அன்புள்ள பரலோக பிதாவே என்று வழக்கம்போலத்தான் தொடங்கினாள். வந்த குடும்பத்துக்காக ஸ்தோத்திரம் சொன்னாள். "ஆமாண்டவரே" என்று அப்பா ஒத்துப் பாடினார்.

"எங்க வீட்டுல படிப்பு நடக்குறதுக்கு ஸ்தோத்திரம். பெரியவனுக்கு வாத்தியார் கிடைச்சதுக்கு ஸ்தோத்திரம்."

"ஆமாண்டவரே."

"எனக்குப் படிப்பு நின்னு ரெண்டு வருஷமாகுது ஆண்டவரே."

"ஆமாண்ட—" என்று பழக்கதோஷத்தில் பாதி சொல்லிவிட்டு அப்பா மீதியை விழுங்கினார்.

அவள் நிறுத்தவில்லை. "எனக்குப் பொறுமை போதும் ஆண்டவரே. இதுக்குமேல தர வேண்டாம், வைக்க இடமில்ல. எனக்கு அந்தக் கணக்கு புரியணும். மின்சாரப் பாடம் பாதியில நிக்குது, அது முடியணும். நான் இந்த வருஷம் பரீட்சை எழுதணும். அப்பாகிட்ட கேட்டேன், அடுத்த வருஷம்னு சொல்றாரு. அம்மாகிட்ட கேட்டேன், அம்மாவுக்குப் பேசப் பயம். இந்த வீட்டுல பெரிய டீச்சர் யாருமே இல்ல ஆண்டவரே, நான் ஒருத்திதான். வந்திருக்கிறவங்ககிட்ட அத யாரும் சொல்லல, அதனால உம்மகிட்ட சொல்றேன். இவங்க கூட்டிட்டு வந்திருக்கிற பொண்ணுக்கும் தம்பியத் தூக்கி இடுப்பு வலிக்குது. அவளுக்கும் பொறுமையத் தராதேயும். அவளுக்கு ஒரு டீச்சரத் தாரும்."

நிறுத்தினாள். ஆமென் மட்டும்தான் பாக்கி. அதைச் சொன்ன மாத்திரத்தில் எல்லாக் கண்களும் திறக்கும், அப்பா தொண்டையைச் செருமுவார், பிள்ளை ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்துப் பூசி மெழுகுவார். அவள் சொல்லவில்லை. அப்பா மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அம்மா விசும்புவது போலவும் கேட்டது, உறுதியாகத் தெரியவில்லை.

வீட்டின் ஒரே சட்டத்தை மீறி அவள் கண்ணைத் திறந்தாள். அறை முழுக்கக் குனிந்த தலைகள். பட்டாணி விரல்களால் இமைகளை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். அத்தனை பேரில் அந்தச் சின்னப் பெண் ஒருத்திதான் கண் திறந்திருந்தாள். நேராக இவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே குனிந்து, குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் விட்டாள். அது சற்று நேரம் விழித்தது. பிறகு கண்மூடி நின்ற தன் அம்மாவின் காலை நோக்கித் தவழத் தொடங்கியது.