பவனிக்கு ஒரு மகள்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஊருக்கே குடும்பம் நடத்தச் சொல்லிக்கொடுப்பவர் அந்தோணிசாமி. மாதா கோயில் பங்குப் பேரவைத் துணைத்தலைவர். கல்யாணம் ஆகப்போகிற ஜோடிகளுக்குக் கோயிலில் வகுப்பெடுப்பார். சொந்த மகள் ஜாஸ்மின், கால் டாக்ஸி ஓட்டும் இந்துப் பையனைக் கட்டிக்கொண்டு மேடவாக்கத்துக்குப் போனதிலிருந்து, அவள் எங்கே என்று யார் கேட்டாலும் 'பெங்களூர்ல வேலை' என்பதே அவருடைய விசுவாசப் பிரமாணம்.

கிறிஸ்மஸ் முடிந்து, குடும்பங்களுக்கான திருநாளான திருக்குடும்ப ஞாயிறு வந்தது. பூசையில் காணிக்கை ஏந்திப் போக ஃபாதர் அவர் குடும்பத்தையே தேர்ந்தெடுத்திருந்தார். மகள் இடத்துக்குத் தங்கை பெண்ணைப் பட்டுப்பாவாடை கட்டி அழைத்து வந்துவிட்டார் அந்தோணிசாமி. வீடியோக்காரர் வேறு.

மனைவி கன்னியம்மாவின் கைப்பையில் கண்ணாடி வளையல்கள் கிடந்தன. ஜாஸ்மினுக்கு ஏழாம் மாசம் என்று மீன்காரி காதில் போட்டிருந்தாள். 'ஆண்டவரே, அவ மொகத்த ஒரு தபா காட்டும்' என்பதுதான் கன்னியம்மாவின் தினசரி மன்றாட்டு. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு எப்படிக் காட்டுவார் என்று அவள் யோசித்ததில்லை. அது ஆண்டவர் பாடு.

காணிக்கைப் பவனி கோயில் வாசலிலிருந்துதான் புறப்பட வேண்டும். தட்டுகளோடு மூவரும் அங்கே போனார்கள். செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், கடைசித் தூணில் சாய்ந்து நின்றிருந்தாள் ஜாஸ்மின்.

கன்னியம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பார்த்தாள். புடவை தட்டையாக விழுந்திருந்தது.

"எப்போடீ?"

"போன வாரம்மா. தங்கல."

"இன்னாடி இங்க? வீடியோ ஓடுது, தள்ளி நில்லு," என்றார் அந்தோணிசாமி, சிரிப்பைக் கலைக்காமல்.

கன்னியம்மா தன் திராட்சைத் தட்டை மகள் கையில் வைத்தாள். "நடடீ."

பாட்டு தொடங்கிவிட்டது. பாட்டை நிறுத்தத் துணைத்தலைவருக்கும் அதிகாரமில்லை.

பீடத்தருகே ஃபாதர் மலர்ந்தார். "அட, ஜாஸ்மின்! பெங்களூர்லருந்து எப்ப வந்த?" அங்கியில் குத்தியிருந்த மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

"மேடவாக்கத்துலருந்துதான் ஃபாதர் வரேன்."

அந்தோணிசாமியிடம் வகுப்புக் கேட்ட ஜோடி ஒன்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

கன்னியம்மா காதில் எதுவும் விழவில்லை. முகத்தைத்தான் கேட்டாள், முகம் கிடைத்தது. வயிற்றையும் சேர்த்துக் கேட்டிருக்கலாமோ? பையைத் திறந்து, வளையல்களைப் பீடத்துப் படியில், பழங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எதுக்குன்னு எனக்குப் புரியல, ஆண்டவரே. உமக்குத் தெரிஞ்சா சரி."

மகள் கையைப் பிடித்துக்கொண்டு கடைசித் தூணுக்கே திரும்பி நடந்தாள். முன்வரிசையில், அவர்கள் பெயர் எழுதி ஒட்டிய நாற்காலிகளில் அந்தோணிசாமியும் இரவல் மகளும் மட்டும் உட்கார்ந்தார்கள்.

"சார், கொஞ்சம் சிரிங்க," என்றார் வீடியோக்காரர்.