மாதாவிடம் சொன்னது

ஸ்டெஃபிக்கு ஒரு வியாதி உண்டு. ஜெர்வின் வாயை மூடிக்கொண்டால் அவள் கை சும்மா இருக்காது. போன் போட்டுக்கொண்டே இருப்பாள். அவனுக்கும் ஒரு வியாதி. போன் அடிக்க அடிக்க அவன் இன்னும் கல்லாகிப் போவான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல ஜோடிப் பொருத்தம்தான், போங்கள்!

ஒரு வாரமாக அவன் பேச்சு 'ம்', 'சரி' என்பதோடு நின்றுபோயிருந்தது. காலையில் அம்பத்தூர் கம்பெனி யூனிஃபார்மை மாட்டுவான், சாப்பாட்டு டப்பாவை வாங்குவான், போய்விடுவான். தன்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்ற பயம் அவளை அரித்தது. புதன்கிழமை மத்தியானமும் அவன் போனை எடுக்கவில்லை. மெழுகுத்திரி ஏற்றி வேண்டிக்கொள்ளலாம் என்று காட்டுப்பாக்கத்தில் பஸ் ஏறி, கல்யாணம் நடந்த முகப்பேர் கோயிலுக்குப் போனாள்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதையாக, மாதா சிலை வைத்த கற்குகைக் கெபிக்கு முன்னால் பெஞ்சில் ஜெர்வினே உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவள் கட்டிக்கொடுத்த டப்பா. அவள் பின்னால் நிற்பது தெரியாமல் மாதாவிடம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தான்.

"வேலைய உட்டுத் தூக்கிட்டாங்க, தாயே. இன்னா பண்றதுன்னே தெரில. ஊட்ல சொல்ல தைரியம் இல்ல. அவ மூஞ்சப் பாத்தாலே பயமா கீது."

ஸ்டெஃபிக்கு வயிறெரிந்தது. வேலை போனதற்காக அல்ல. அவளுக்குக் கிடைக்காத பேச்சு முழுவதும் மாதாவுக்குக் கிடைத்திருக்கிறதே! ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் கால் துடித்தது. ஆனால் பழக்கதோஷம், கை போனை அழுத்திவிட்டது. அவன் திரையைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். போனைக் கவிழ்த்து வைத்தான்.

அவள் வந்த வழியே திரும்பினாள்.

சாயங்காலம் வழக்கம்போல் ஜெபமாலை. முடிவில் ஆளுக்கொரு வேண்டுதலைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். அது அவள் தாய்வீட்டுப் பழக்கம். "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று அவன் சுருக்கமாக முடித்துக்கொண்டான். அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"மாதாவே, மத்தியானம் கெபியில இவரு உன்னாண்ட சொன்னத நானும் பின்னால நின்னு கேட்டேன். வேல போனா போவுது. இனிமே என்னாண்டயும் சொல்லச் சொல்லு."

அவன் ஜெபமாலையை உள்ளங்கையில் சுருட்டினான்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றான். தினமும் சொல்லும் பதில்தான்.

அவள் காத்திருந்தாள். கடைசியில் அவளே கேட்டாள்: "நாளைக்கு டப்பா கட்டணுமா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கட்டு."

மறுநாளும் கட்டிக்கொடுத்தாள். மத்தியானம் அவன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்று தெரியும். போனைக் கையில் எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அவனையா மாதாவையா, யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.