பிறந்த வீட்டுக் கோடி

வலது தோள் எரிந்தது. கிருஷாந்தி அதே கையால் போனை உயர்த்திப் பிடித்தபடி வாசலில் நின்றாள். தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் அந்த ஓர் இடத்தில்தான் சிக்னல் எடுக்கும். கையை இறக்கினால் கூடலூரில் இருக்கும் அழகன் மாமாவின் முகம் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

"இன்னுங் கொஞ்சம் கிட்டக்க காட்டு பாப்பா. மூக்குத்தி போட்டிருக்கா?"

"போட்டிருக்காங்க மாமா."

"அது எங்கம்மாவோடது."

அவள் போனைச் சவப்பெட்டியின் பக்கம் திருப்பினாள். அம்மா அன்னம்மா உள்ளே ஒடுங்கிக் கிடந்தாள். நேற்று டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேன் ஏற்றத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. மழை அரித்த பாதையில் அதற்கு மேல் சக்கரம் ஏறவில்லை. ஆண்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள், மற்றவர்கள் வேலை முடிந்து மலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. பெட்டியின் நாலாவது மூலைக்குக் கிருஷாந்தி தோளைக் கொடுத்தாள். பொம்பளைப் பிள்ளை பெட்டி தூக்கலாமா என்று கேட்பதற்கு அங்கே யாருக்கும் மூச்சு மிச்சமில்லை.

"நான் வராம எடுக்காதீங்கன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் இருக்கு. பாஸ்போட்டு இல்ல" என்றார் மாமா.

அவர் அழவில்லை. அவருக்குப் பின்னால் தெரிந்த ஜன்னலிலும் தேயிலைதான்.

உள்ளே பெண்கள் ஒப்பாரியை நிறுத்தித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து வாளியில் வந்த தேத்தண்ணி. அப்பாவின் அக்கா காளியாயி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எல்லாரும் மனதுக்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"எல்லாஞ் சரி. பொறந்த வீட்டுக் கோடி யாரு போடுறது?"

செத்துப்போன பொம்பளைக்குப் பிறந்த வீட்டுச் சேலைதான் முதலில் விழ வேண்டும். அண்ணனோ தம்பியோ தப்புப் பறை அடித்து வந்து போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் போடுவது. அது விழாமல் பெட்டியை மூடினால், கேட்க நாதியில்லாதவள் போனாள் என்று அர்த்தம்.

அம்மா பயந்த ஒரே சாவு அதுதான். நோய்க்குப் பயப்படவில்லை. அட்டைக்கும் குளவிக்கும் பயப்படவில்லை. "அனாதப் பொணமா மட்டும் போகக்கூடாது" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சொன்னாள்.

அறுபத்து நாலாம் வருஷம் இந்தியாவும் இலங்கையும் உட்கார்ந்து மலைநாட்டுச் சனத்தைப் பங்கு போட்டன. இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு. பங்கு போட்ட வேலை நடந்து முடிய ஏகப்பட்ட வருஷம் ஆனது. அம்மா பத்தொன்பது வயதில் இந்தப் பக்கத்துப் பிரஜையான கணேசமூர்த்தியைக் கட்டினாள். அடுத்த வருஷம் தாய், தகப்பன், தம்பி அழகன் மூவரும் அட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார்கள். அதோடு பிறந்த வீடு கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் சர்வதேசச் சட்டம் எடுத்தபோது, அந்த ஒப்பந்தம் பாடத்தில் ஒரே வரியில் வந்து போனது. ஒரு ஒப்பந்தம் அதில் கையெழுத்துப் போடாத மூன்றாம் தரப்பைக் கட்டாது என்று விரிவுரையாளர் சொன்னார். கிருஷாந்தி எழுந்து, "அப்ப எங்கம்மா எந்தத் தரப்பு சேர்?" என்று கேட்டாள். மூன்றாம் தரப்பு என்று சட்டம் சொல்வது இன்னொரு நாட்டை, ஆட்களை அல்ல என்றார். பிறகு, "அத நீங்களே எழுதுங்க" என்றார். இறுதி ஆண்டு ஆய்வை அதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

லயத்தில் அம்மா அதைத் தன் பாணியில் சொல்லித் திரிந்தாள்.

"எம்மக நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுல உள்ள சட்டம் படிக்குது."

"அப்பிடி ஒரு சட்டம் இருக்கா அன்னம்மா?"

"இருக்கப்போயிதானே கொழும்புல போடிங் ரூமு எடுத்துக் குடுத்திருக்கோம்."

போன வருஷம் நாடற்றவர்கள் சட்டம் பற்றி இரண்டு வாரப் பயிற்சி சென்னையில் நடந்தது. கிருஷாந்தி முதல் தடவையாக விமானம் ஏறினாள். நேபாளத்துப் பெண், கென்யாக்காரப் பையன், மியன்மாரிலிருந்து ஓடி வந்த ஒருத்தி என்று ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முதல் நாள் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் பாதிதான் புரிந்தது. மூன்றாம் நாள் ஒவ்வொருவர் வீட்டுக்குக் குறுக்கேயும் எவனோ ஒரு கோடு போட்டிருந்தது தெரிந்தது. அதுவரை அவள் தன் கதையை மலைநாட்டுக் கதை என்றே நினைத்திருந்தாள். உலகத்தில் பாதிக்கு அந்தக் கதை இருந்தது. அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை, ஆனால் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

பயிற்சி முடிந்ததும் பஸ் பிடித்துக் கூடலூர் போனாள். மாமா அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை பார்த்திருந்தார். கிளம்பும்போது அக்காவுக்கென்று ஒரு அரக்குச் சேலை வாங்கிக் கொடுத்தார். அம்மா அதைப் பிரித்துப் பார்த்து, முகத்தில் ஒற்றிக்கொண்டு, திரும்பக் கவரிலேயே வைத்தாள்.

"கட்டிப் பாருங்கம்மா."

"இது என்னய எடுக்குற அன்னிக்கு. தம்பி வராது. சேலையாவது வந்துச்சே."

அன்றைக்குக் கிருஷாந்தி ஏசினாள். இப்போது போனை வாசலில் ஒரு பையனிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்து அந்தக் கவரை எடுத்து வந்து பெண்களுக்கு நடுவில் வைத்தாள்.

"மாமா குடுத்ததுதான் அத்த. இது இருக்குல்ல."

காளியாயி கவரைத் தொடவில்லை. "வீட்டுக்குள்ள கெடந்தா அது வீட்டுச் சேல. கோடின்னா வெளியிலேருந்து நடந்து வரணும். ஒரு ஆள் கொண்டாரணும். கொண்டார்றவன் அண்ணன் தம்பியா நிக்கணும்."

"அப்ப யாராவது நிக்கட்டும்."

"இன்னைக்கி நிக்கிறதா? நின்னா காலத்துக்கும் நிக்கணும்டி. நல்லது கெட்டதுக்கு வரணும். யாரு வருவா?"

வாசலில் நின்ற மூக்கன் பீடியைத் தேய்த்து அணைத்தார். அடுத்த லயத்துக்காரர், தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டி வெட்டி வலது கை கொஞ்சம் வளைந்தே நிற்கும். நேற்றுப் பெட்டி தூக்கியவர்களில் ஒருவர்.

"நான் நிக்கிறேன்" என்றார்.

உள்ளே ஒரு கிழவி மெதுவாகச் சொன்னாள். "அவரு நம்ம ஆளுக இல்லையே."

அது எல்லார் காதிலும் விழுந்தது. மூக்கனின் காதிலும் விழுந்தது. அவர் நகரவில்லை, தலையும் குனியவில்லை. அப்பா சுவரோடு சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷாந்திக்கு வாயில் வந்தது முழுக்கச் சட்டம். சமத்துவம், பாகுபாடு, எந்தப் பிரிவு, எந்த உபபிரிவு. அதில் ஒன்றாலும் ஒரு சேலையைப் பத்தடி நகர்த்த முடியாது. அவள் வாசலுக்குப் போய்ப் போனைத் திரும்ப வாங்கி, சத்தத்தைக் கூட்டி, எரிகிற தோளோடு உயர்த்தினாள்.

"மாமா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." மாமாவின் முகம் போனுக்குக் கிட்டே வந்தது. "நாங்க கோச்சி ஏறுன அன்னிக்கு அக்கா கோச்சியோடயே ஓடுனா. சக்கரத்துல விழப்பாத்தா. யாரு புடிச்சு இழுத்தாங்கன்னு அங்க இருக்கிறவுகளுக்கு ஞாபகம் இருக்கா?"

பெண்கள் வாசலில் நின்ற மூக்கனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூக்கண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

"நீங்க என் எடத்துல நில்லுங்க. இது நான் சொல்றது. பொறந்த வீடு சொல்றது. இதுக்கு மேல எவரும் பேசாதீங்க."

கொழும்பிலிருந்து வந்திருந்த வகுப்புத் தோழி கேஷிகா கிருஷாந்தியின் காதோரம் குனிந்தாள். "முழு அதிகாரம் குடுத்துட்டாருடி." ஒரு நாட்டுக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட வந்தால் முதலில் கேட்கிற பத்திரத்துக்கு அந்தப் பெயர். இங்கே கண்ணாடி கீறிய போனே போதுமாக இருந்தது. கிருஷாந்திக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டு நாளில் அதுதான் முதல் அழுகை.

காளியாயி எழுந்து முந்தானையைச் செருகினாள். "அப்ப என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? சேலைய வெளிய கொண்டு போங்க. ஆள் எடுக்குற பெரட்டுக் களத்துல வச்சு வேணாம், தோட்டத்துப் பேர்ப்பலக போட்டுக்கு அங்கிட்டு போங்க. எல்லையத் தாண்டி வரணும்."

மூக்கன் கவரை வாங்கிக்கொண்டு இறங்கினார். தப்புக்காரர்கள் பின்னால் போனார்கள். தோட்டத்துப் பெயர்ப்பலகைக்கு அந்தப் பக்கம், பெரிய ரோட்டில், அவர் திரும்பி நின்றது மேலேயிருந்து சின்னதாகத் தெரிந்தது. யாரோ ஒரு தாம்பாளத்தில் வெற்றிலையும் பூவும் வைத்துக் கொடுத்தார்கள். தப்பு முழங்கியது. போகும்போது வீட்டுச் சேலையாகப் போனது, வரும்போது கூடலூரிலிருந்து வந்தது. மூக்கன் அதைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தார். லயத்தில் எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள். நம்ம ஆளில்லை என்ற கிழவியும் எழுந்தாள்.

அரக்குச் சேலை அம்மாவின் மேல் விழுந்தது. மூக்கன் அதன் ஓரத்தை இழுத்து விட்டு, "தங்கச்சி, தம்பி குடுத்துச்சும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போனில் மாமா முகத்தை மூடிக்கொண்டார்.

மத்தியானம் பெட்டியை எடுத்தார்கள். இந்தத் தடவை தோள் கொடுக்க ஆள் நிறைய இருந்தது, மலையில் பெயரை விட்டு, அன்றைய கூலியை இழந்து வந்திருந்தார்கள். பெண்கள் லயத்தின் முனையோடு நின்றுகொண்டார்கள். தேயிலைக்கு நடுவில் அரக்கு நிறம் எதுவும் தெரியவில்லை, வெள்ளை வேட்டிகள்தான் தெரிந்தன.

குழி மூடி, மலைப் பீலித் தண்ணீரில் குளித்து ஈரத் தலையோடு மூக்கன் வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்புள, இனிமே நீ குடிச்சா ஏசுறதுக்கு எனக்கு உரிமை இருக்கு."

அப்பாவின் உதடு லேசாக அசைந்தது. "முந்தி மட்டும் ஏசாமலா இருந்தீக, மச்சான்?"

கிருஷாந்தி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அதுவரை அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

"குடிங்க மாமா."

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு அவளை ஒரு முறை பார்த்தார். "மேல படிக்கப் போறியாமே. எந்த நாட்டுக்கு வேணும்னாலும் போ. ஆனா நான் போறப்ப இந்த வீட்டு வேட்டி வந்து சேரணும்."

"சேரும் மாமா."

"அதுவும் தோட்டத்துப் போட்டுக்கு அங்கிட்டேருந்து வரணும். உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு ஏமாத்தப்படாது."

அவர் போன பிறகு அவள் வீட்டைப் பெருக்கினாள். கூடலூர்க் கடைப் பெயர் போட்ட கவர் மூலையில் கிடந்தது. அதை உதறி, நாலாக மடித்து, அம்மாவின் தகரப் பெட்டியில் வைத்து மூடினாள். தோள் இன்னும் வலித்தது.

மூக்கன் மாமாவுக்கு இந்த வீடு ஒரு கோடி வேட்டி கடன்.