ஐந்தாவது விரல்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கை வேலை செய்யும். மூளை ஆறுதலாகப் பின்னால் வரும். கொட்டாஞ்சேனையில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். அந்தக் கல் விஷயத்திலும் அப்படித்தான் ஆனது. நடந்தது என்னவென்று எனக்கு விளங்கவே ஐந்து கிழமை எடுத்தது. இப்போதும் முழுக்க விளங்கிவிட்டதென்று சத்தியம் பண்ண மாட்டேன்.

என் பெயர் றோஸி. சுரூபம் திருத்துகிறவள். மாதாவின் மூக்கு, சூசையப்பரின் தடி, சம்மனசின் சிறகு, எது உடைந்தாலும் என்னிடம்தான் வரும். அதிகம் வருவது விரல். தொட்டுக் கும்பிடுகிறவர்களின் கை பட்டு முதலில் போவது அதுதான். அதனால் ஒரு பிஸ்கட் டின் நிறைய விரல்கள் வார்த்து வைத்திருப்பேன். விரல் குறைந்த சுரூபம் எங்கள் வாசலைத் தாண்டிப் போகாது. கால் உடைந்ததென்று கொண்டுவந்தாலும், கையில் ஒரு விரல் இல்லாவிட்டால் கேட்காமலே வைத்து விடுவேன். குறை உள்ள கையை யார் முத்தமிட்டுக் கும்பிடுவது?

என் மனுசன் சாந்தகுமார் டிப்பர் லொறி ஓட்டுகிறவர். புத்தளப் பக்கத்துக் குழிகளில் களிமண் ஏற்றி, களனியில் ஓடு சுடுகிற இடத்துக்குக் கொண்டுவருவார். அந்தோனியார் திருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு மத்தியானம் வந்து, சேறு சொட்டும் மூன்று கல் துண்டுகளை என் மேசையில் வைத்தார். பக்கத்தில் அப்போதுதான் நிறம் பூசிய அந்தோனியார் காய்ந்துகொண்டிருந்தார்.

"இஞ்ச பாரும் றோஸி, களிக்குள்ள ஒரு கை. குழந்தை யேசுட கை மாதிரி இல்லையா?"

"உமக்குக் கண் பிடரியிலயா இருக்கு? ஈரச் சாயத்துக்குப் பக்கத்தில கொண்டந்து சேத்தை வைக்கிறீர்!"

கத்திக்கொண்டே கல்லைக் கழுவினேன். கழுவிக்கொண்டே ஒட்டினேன். சாம்பல் நிறப் பலகைக் கல்; அதன் மேல் மண்ணிறத்தில், என் உள்ளங்கையைவிடச் சிறிய ஒரு கை. யாரோ நல்ல பொறுமைசாலி செதுக்கியிருக்கிறான் என்று நினைத்தேன். எண்ணினேன். நாலு விரல். ஒரு ஓரம் வெறுமையாக இருந்தது. நான் இன்னும் மனுசனைத் திட்டி முடிக்கவில்லை, கை ஐந்தாவதைச் செய்து வைத்துவிட்டது. சாந்தில் செங்கல் தூள், மேலே தேயிலைச் சாயம், அதன் மேல் கொஞ்சம் மெழுகு. பிறகு கல்லை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அந்தோனியாரிடம் திரும்பினேன். கல்லை அத்தோடு மறந்தேன்.

எங்கள் மேல்மாடி அறையில் அனுஷியா என்று ஒரு பிள்ளை வாடகைக்கு இருக்கிறாள். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. களனியில், கம்பஸில், கல்லையும் மண்ணையும் பற்றிப் படிப்பிக்கிறாள். தற்காலிக வேலைதான். திருநாள் முடிந்த மறுநாள், கறிக் கோப்பையைத் திருப்பித் தர வந்தவள் யன்னலடியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது எங்கேயிருந்து வந்துச்சு?"

"அவர் லொறியில கொண்டந்தவர். ஆரோ செதுக்கின கை. மூண்டு துண்டாக் கிடந்தது, நான்தான் ஒட்டினனான்."

"செதுக்கினது இல்லக்கா. இது எலும்பு! டைனோசர் காலத்து எலும்பு."

நான் சிரித்தேன். "அவ்வளவு பெரிய மிருகத்துக்கு இவ்வளவு கையா?"

"டைனோசர்னு சொல்லலக்கா, அது காலத்துலன்னு சொன்னேன். பதினஞ்சு கோடி வருஷம் இருக்கும். டைனோசர்லயும் கோழி அளவுக்கு இருந்தது இருக்கு."

கோழி என்றாள், கோடி என்றாள். எனக்குத் தலை சுற்றியது. விரல் வைத்ததை நான் சொல்லவில்லை. மறைத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது ஞாபகத்திலேயே வரவில்லை. மேசை துடைத்ததை யாராவது போய்ச் சொல்வார்களா? அவள் கேட்டாள், எடுத்துப் போ என்றேன். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதைத் துவாயில் சுற்றிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. அனுஷியா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. படியில் இறங்கும்போதும் போனில் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு இறங்குவாள். கம்பஸில் ஒருவர் முதலை என்றாராம். படத்தைப் பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் டைனோசரின் பாட்டன் பூட்டன் என்றாராம். இன்னொருவர், ஒரு மிருகத்தின் மேல் இன்னொரு மிருகம் விழுந்து செத்திருக்கிறது என்றாராம். சாந்தகுமார் உடும்பு என்றார். ஆளுக்கொரு கதை சொன்னார்கள்; எனக்கு எல்லாமே சரி போலவும் இருந்தது, எல்லாமே விசர்க்கதை போலவும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் பளபளக்கும் சாரியோடு கீழே வந்தாள்.

"அக்கா, இன்னைக்கு ஸ்கேன் பண்ணப் போறாங்க. பத்து மணிக்கு. பேராசிரியர், வெளியிலிருந்து வந்தவங்க எல்லாரும் இருப்பாங்க. சரியா வந்திச்சுன்னா என் பேர்லதான் கட்டுரை. வேலையும் நிரந்தரமாகும். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"நல்லது பிள்ளை. அப்ப என்ன மிருகமெண்டு கண்டுபிடிச்சாச்சா?"

"அதுதானக்கா குழப்பம். மணிக்கட்டைப் பாத்தா பழைய தவளை இனம். அந்தக் காலத்துல முதலை மாதிரி பெரிசா இருந்ததெல்லாம் உண்டு. ஆனா அதுக்கு முன்னங்கால்ல நாலு விரல்தான் இருக்கணும். இதுக்கு அஞ்சு. அப்ப ஊர்வன ஜாதின்னு வைக்கணும். அப்படி வச்சா மணிக்கட்டு பொருந்தல. அதைவிடப் பெரிய கூத்து, ஓரத்து விரல்ல மட்டும் ஒரு நகம் இருக்கு. மத்த நாலுலயும் இல்ல. உலகத்துல எந்த மிருகத்துக்கும் அப்படிக் கிடையாதாம். அந்த நகத்துக்காகத்தான் எல்லாரும் வாராங்க."

சொல்லிவிட்டு ஓடிப்போய் ஓட்டோவில் ஏறினாள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். நகம். ஒரு விரலில் மட்டும் நகம். மேசையில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தேன். மாதாவின் விரல், அந்தோனியாரின் விரல், குழந்தை யேசுவின் விரல். ஒவ்வொன்றிலும் நகம். நகம் கீறாமல் நான் ஒரு விரலை முடித்ததே இல்லை.

ஐயோ மாதாவே!

அவளுடைய போனுக்கு எடுத்தேன், நிறுத்தி வைத்திருந்தாள். ஸ்கேன் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் காட்டுமே. சாந்து தெரியும். இந்தப் பிள்ளை தானே செய்து ஒட்டி ஊரை ஏமாற்றினாள் என்றுதான் நினைப்பார்கள். தோட்டத்திலிருந்து படித்து இவ்வளவு தூரம் வந்த பிள்ளை, என் கைக் கொழுப்பால் கள்ளி என்று பெயர் எடுக்கப் போகிறாள். வீட்டுச் சட்டையோடு, பஞ்சையும் சின்னக் கத்தியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பேலியகொடையில் வாகனம் அசையவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவதென்றுதான் தெரியவில்லை.

கம்பஸ் வாசலில் காவலாளி மறித்தான். "கொஹெத நோனா யன்னே?" எங்கே போகிறாய் என்று என்னைக் கேட்கிறான்! "எலும்பு பார்க்கிற இடத்துக்கு" என்று சிங்களத்தில் கத்தினேன். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினான். அவனுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு நேரமில்லை, உள்ளே ஓடினேன்.

அறையில் ஏழெட்டுப் பேர். நடு மேசையில் பஞ்சு விரிப்பின் மேல் கல். இன்னும் மெஷினுக்குள் வைக்கவில்லை.

"அக்கா! இங்க எதுக்கு வந்தீங்க?"

"அந்த நகம் என்னுடையது" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டு. சிங்களத்திலும் ஒருமுறை சொன்னேன்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நரை முடி, மரியாதையான மனுசன். என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார்; விசர் என்று நினைத்துவிட்டார் போல. அம்மா, நாங்கள் மூன்று கிழமையாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறோம், இதை மனிதர் செய்ய முடியாது என்றார்.

வந்ததே எனக்குக் கோபம். "முடியாதா? ஏன் முடியாது? பதினைந்து நிமிஷத்தில் செய்தேன், அதுவும் புருஷனைத் திட்டிக்கொண்டு!"

சுடுதண்ணீர் கேட்டேன். அனுஷியா என் கையைப் பிடித்தாள். "தொடாதீங்கக்கா, தயவுசெஞ்சு தொடாதீங்க" என்றாள். அவளுடைய விரல்கள் பனிக்கட்டி. நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. பஞ்சை நனைத்து ஓரத்து விரலில் வைத்துப் பிடித்தேன். மெழுகு விட்டது. பிறகு தேயிலைச் சாயம் பஞ்சில் ஏறியது. கத்தி நுனியால் தட்டினேன். நகத்தோடு சேர்ந்து விரல் கழன்று மேசையில் விழுந்தது. உள்ளே செங்கல் தூள் கலந்த சாந்து.

"மிஸ், இது உங்களுக்குத் தெரியுமா?" பேராசிரியர் அனுஷியாவைப் பார்த்துக் கேட்டார். குரலில் இப்போது மரியாதை இல்லை.

"அவளுக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் வீட்டுச் சட்டையோடு பஸ் ஏறி வருகிறேன்?" என்று பாய்ந்தேன். "என்னைக் கேளுங்கள். களவு என்றால் என்னைப் பொலிஸில் கொடுங்கள்."

அவர் குனிந்து கல்லைப் பார்த்தார். விரல் இருந்த இடத்தில் ஒரு வெடிப்பு இல்லை, ஒரு உடைவு இல்லை. மழுமழுவென்று வெறும் கல். அங்கே ஒருநாளும் விரல் இருந்ததில்லை. ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று யாரோ எண்ணினார்கள். மணிக்கட்டைப் பார்த்தார்கள். ஒருவர் மெல்லச் சிரித்தார், பிறகு எல்லோரும் ஒரேயடியாகக் கதைக்கத் தொடங்கினார்கள்.

பழைய தவளை இனம்தானாம். நகம் இல்லாவிட்டால் குழப்பமும் இல்லையாம். கட்டுரையை அனுஷியாவே எழுதலாம், ஆனால் விரல் கதையையும் ஒரு வரி விடாமல் எழுத வேண்டும் என்றார் பேராசிரியர். வேலை நிரந்தரமாகுமா என்று நான் கேட்டேன். அதை இன்று கேட்காதீர்கள் என்றார். என் சாந்து விரலை ஒரு சின்னப் பைக்குள் போட்டு இலக்கம் எழுதி, கல்லோடு சேர்த்துப் பூட்டி வைத்தார்கள். எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பஸ்ஸில் அனுஷியா யன்னலோரம் இருந்தாள். ஒருகொடவத்தை வரை கண்ணீர் மட்டும் ஓடியது.

"பிள்ளை, என்னை ஏசு. வாய் விட்டு ஏசு. நீ இப்பிடி இருந்தா எனக்கு ஏலாது. அதில ஒரு விரல் குறைஞ்சு கிடந்தது, அதாலதான் வைச்சனான். வேற ஒரு கெட்ட எண்ணமும் இல்லை."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பதினஞ்சு கோடி வருஷமா அதுக்கு ஒரு குறையும் இல்லக்கா. உங்க வீட்டுக்கு வந்த அன்னைக்குத்தான் வந்துச்சு."