மஞ்சள் தண்ணீர் தெளித்த தோணி

இணையத்தில் வந்த செய்தி நாலு வரிதான். வாவிக்கு நடுவிலுள்ள திடலில் கூடாரம் அடித்துத் தங்கப்போன இளைஞர்கள் மூவரைக் காணவில்லை. அது தொடர்பாகத் தோணிக்காரர் ஒருவர் கைது செய்யப்பட்டுள்ளார். பெயர் வெளியிடப்படவில்லை.

அந்தக் கடைசி வசனத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் புஸ்பம் காலையிலிருந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். பெயர் வெளியிடப்படாத அந்த ஒருவர் அவளுடைய அண்ணன் குஞ்சித்தம்பி.

ஏறாவூரில் மஜீட் காக்காவின் கொமியூனிகேசன் கடையில் அவளுக்குத் தட்டெழுத்து வேலை. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வருகிறவர்களுக்கு நம்பர் அடித்துக் கொடுப்பாள். மற்ற நேரத்தில் கம்ப்யூட்டரில் விண்ணப்பங்கள் அடிப்பாள். அன்று எந்த விண்ணப்பமும் நகரவில்லை.

குஞ்சித்தம்பி செய்த குற்றம், நேர்மையாக நடந்துகொண்டதுதான். கனடாவிலிருந்து லீவில் வந்த இரண்டு பொடியன்களும் அவர்களுடைய மச்சானும் பறவைகளைப் படம்பிடிக்கத் திடலுக்குப் போகவேண்டும் என்று வந்து நின்றார்கள். அது 2006 வைகாசி. சமாதான ஒப்பந்தம் கடதாசியில் மட்டும் மிஞ்சியிருந்த நேரம். ஆயுதக்காரர் படுத்தெழும்புகிற கரையில் ஆசைக்காகக் கூடாரம் அடித்துப் படுக்கப்போகிற பிறவிகளைக் குஞ்சித்தம்பி அதற்கு முன் கண்டதில்லை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். அவர்கள் கேட்கவில்லை. கொண்டுபோய் விட்டான். திரும்ப ஏற்றப் போனபோது கூடாரம் நின்றது, சப்பாத்துகள் வெளியே கிடந்தன, ஆட்களைக் காணோம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனம் கேட்காமல் பொலிசுக்குச் சொல்லப் புறப்பட்டான்.

"ஊரில ஆரும் கேட்டா, டவுனுக்குச் சாமான் எடுக்கப் போயிட்டான் எண்டு சொல்லு" என்றான் தங்கையிடம். "என்ட பேர் மட்டும் வெளிய வரப்படாது, புஸ்பம்."

சொல்லப்போனவனையே பொலிஸ் உள்ளே போட்டது.

பெயர் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆமியோ இயக்கமோ, பொடியன்களை எந்தப் பக்கம் கொண்டுபோயிருந்தாலும், மற்றப் பக்கத்துக்கு அவன் காட்டிக்கொடுத்தவன். கொண்டுபோன பக்கத்துக்கோ கண்ணால் கண்ட சாட்சி. ஆட்களைத் தூக்கிக்கொண்டுபோகிற நம்பர் இல்லாத வெள்ளை வான் இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம்.

செய்திக்குக் கீழே வாசகர் கருத்து என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். அங்கே நடந்ததைக் கோயில் திருவிழா என்றுதான் சொல்லவேண்டும். வெளிநாட்டுப் பனியில் கால்வைத்துக்கொண்டு வாவியின் ஆழம் அளந்தார்கள். 'உண்மைவிளம்பி' என்பவர் ஆள் பெரியகல்லாற்றான் என்று அடித்துச் சொன்னார். 'தேன்நாட்டான்' கதிரவெளி என்றார். இல்லை, ஏறாவூர் ஆள்தான் என்று இன்னொருவர் எழுத, அது தமிழர் முஸ்லிம் சண்டையாகி ஒரு முழுப்பக்க நீளத்துக்கு ஓடியது. புஸ்பத்துக்கு அது ஆறுதலாக இருந்தது. அடிபடட்டும். வேறு ஊர்களிலேயே சுற்றட்டும்.

மத்தியானம் யாரோ தோணியின் படத்தைக் கொண்டுவந்து போட்டார்கள். முன்பக்கத்து அணியம் மட்டும்தான் தெரிந்தது. பலகையில் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாய்க் கறை.

'இரத்தத்தைக் கழுவியிருக்கிறான், நன்றாகப் பாருங்கள்' என்று எழுதினார் உண்மைவிளம்பி. அதன்பிறகு எல்லாருக்கும் கண் திறந்துவிட்டது. கொலைகாரன். காசுக்குப் பிள்ளைகளை விற்றவன். 'இவனையெல்லாம் பொலிஸ் விட்டாலும் நாங்கள் விடக்கூடாது' என்று ஒருவன் எழுத, ஆமாம் ஆமாம் என்று வரிசையாக விழுந்தது.

புஸ்பம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரத்தமா? அந்தக் கறையைப் போட்டவளே அவள்தானே! கண்ணகை அம்மனுக்கு வருசத்துக்கு ஒருமுறை கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கும் நாளில் ஊரில் வீடுவாசல் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். வலைக்காரர் தோணிக்கும் தெளித்துக் குங்குமம் வைப்பார்கள். அண்ணனின் தோணிக்குத் தன் கையாலேயே தெளித்தவள், அவனைக் கொலைகாரன் என்று கேட்டுக்கொண்டு எப்படி இருப்பாள்?

பெயர் போடாமல்தான் எழுதினாள். அவ்வளவுக்குக் கவனம் இருந்தது. 'அது இரத்தம் இல்லை. மஞ்சளும் குங்குமமும். வெள்ளிக்கிழமை அம்மன் கதவு திறந்ததற்குத் தெளித்தது. தெரியாமல் பாவத்தைத் தேடிக்கொள்ளாதீர்கள்.' அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கினமாதிரி இருந்தது.

மஜீட் காக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒருவன் பதில் எழுதியிருந்தான். அவன் சண்டைக்கு வரவில்லை, நன்றிதான் சொல்லியிருந்தான்.

'தகவலுக்கு நன்றி. நானும் அந்தப் பக்கத்தான்தான். அம்மன் கதவு ஊருக்கு ஊர் வேறு வேறு நாளில் திறக்கும். போன வெள்ளி திறந்தது வாவிக்கரையில் ஒரே ஓர் ஊரில்.' ஊரின் பெயரைப் போட்டிருந்தான். 'திடலுக்குப் போக மிசின் பூட்டிய தோணி வேண்டும். அங்கே அது ஒருவரிடம்தான் இருக்கிறது.' அடுத்த வரியில் குஞ்சித்தம்பி என்று இருந்தது. தகப்பன் பெயரும் இருந்தது. வீடு கோயிலுக்கு எந்தப் பக்கம் என்றும் இருந்தது.

புஸ்பம் தான் எழுதியதற்குத் திரும்பிப்போனாள். அழிக்க வழி தேடினாள், இல்லை. 'பொய், அது அவர் இல்லை' என்று எழுதினாள். அதற்கும் ஒருவன் பதில் போட்டான்: 'அப்போ அவரை உங்களுக்குத் தெரியும்.' அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பார்க்கப் பார்க்க அந்தப் பெயரை எடுத்து வேறு தளங்களிலும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் நாலு மணிபோல வாசலில் நிழல் விழுந்தது. குஞ்சித்தம்பி. சட்டை கசங்கி, முகம் வீங்கி, ஆனால் சிரித்துக்கொண்டு வந்தான்.

"விட்டுட்டானுகள், புள்ள! ஒண்டும் இல்லையாம். பேரும் வெளிய குடுக்கல்லயாம், பொலிஸ் பெரியவரே சொன்னார். அம்மாளாச்சி காப்பாத்திட்டா." கதிரையை இழுத்து உட்கார்ந்தான். "வீட்ட போய் ஒரு முழுக்குப் போட்டுட்டுச் சோறு தின்னணும். நீயும் வாவன்."

புஸ்பம் அந்தப் பதிலைத் தேடி எடுத்தாள். கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினாள். அவன் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். தன் பெயருக்கு வந்ததும் உதடு நின்றுவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான்.

"கதவு திறந்த கதைய இவனுகளுக்கு ஆர் சொன்ன?"

"நான்தான் அண்ணன். இரத்தம் எண்டானுகள். எனக்குப் பொறுக்கல்ல."

அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். அவன் அவளைப் பார்க்கவேயில்லை. வீதியில் போகிற வாகனங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கதிரையைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்தான்.

"மஜீட் காக்கா," என்றான், "இந்தக் கடைக்குப் பின்கதவு இரிக்கா?"