இரண்டு கடிதங்களுக்கு ஒரு நிச்சயதார்த்தம்

கூழ் பிழியும் பல்ப்பர் இயந்திரத்தைத் தேவிப்பிரியா எத்தனை முறை வரைந்திருப்பாள் என்று கேட்டால் அவளுக்கே கணக்குத் தெரியாது. உணவுத் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு. பாகம் பாகமாகக் குறித்து மார்க் வாங்கியவள், இயந்திரத்தை நேரில் ஒருநாளும் பார்த்ததில்லை. அரூர் சாலையில் இருக்கும் மாம்பழக்கூழ் ஆலை இன்டர்ன்ஷிப்புக்கு ஒருவரை எடுக்கிறது என்று தெரிந்த அன்று அவளுக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மாங்காய் சீசன் முடிய ஐந்தே வாரம். திங்கட்கிழமைக்குள் சேர்ந்தால் உண்டு. அடுத்த சீசன் வருவதற்குள் படிப்பே முடிந்துவிடும்.

கல்லூரியில் துறைத் தலைவர் தமிழ்மணி மிகவும் அன்பாகத்தான் பேசினார். “கம்பெனி உன்னை எடுத்துக்கறோம்னு லெட்டர் குடுக்கட்டும்மா, சிபாரிசுக் கடிதம் அன்னிக்கே தர்றேன். எந்த வேலைக்குன்னு தெரியாம எப்படிச் சிபாரிசு பண்றது?”

நியாயம்தானே என்று ஆலைக்கு ஓடினாள். அங்கே மனிதவள அதிகாரி ஆரோக்கியராஜ் அதைவிட அன்பாகப் பேசினார். “காலேஜ் சிபாரிசுக் கடிதம் கொண்டாம்மா, நாங்க உடனே லெட்டர் தர்றோம். நீ யாருன்னு தெரியாம எப்படி எடுத்துக்கறது?”

இதுவும் நியாயம்தான். இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் அவள் நான்கு நாள் பஸ்ஸில் போனாள், வந்தாள். ஐந்தாம் நாள் கண்டக்டரே, “இன்னிக்கு காலேஜா, கம்பெனியாம்மா?” என்று விசாரிக்கும் அளவுக்கு ஊருக்குள் விஷயம் பரவியிருந்தது. ஆளாளுக்கு நல்லவர்கள், ஒரு துண்டுக் காகிதம் மட்டும் பெயரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாப்பிரெட்டிப்பட்டி வீட்டுக்கு வந்து, பையை மூலையில் எறிந்துவிட்டு அழுதாள். அத்தை கோவிந்தம்மாள் மொச்சை உரித்துக்கொண்டே முழுக்கதையையும் கேட்டாள். சுற்றுவட்டாரத்தில் பத்தொன்பது கல்யாணம் பேசி முடித்தவள் அவள். பேச உட்கார்ந்துவிட்டால் முடிக்காமல் எழுந்ததில்லை.

“இதுக்கா அழுவுற? இது பொண்ணு வூட்டுக்கும் மாப்பிள்ளை வூட்டுக்கும் நடக்கற தகராறு. யாரு வூட்டு வாசலை யாரு மொதல்ல மிதிக்கறதுன்னு ரெண்டு பக்கமும் முறுக்கிக்கிட்டு நிக்கும். பொது எடத்துல உக்கார வச்சு, ஒரே நேரத்துல தட்டை மாத்திட்டா முடிஞ்சுது. அவங்க நம்பரைக் குடு.”

கொடுத்தாள். அத்தை முதலில் தமிழ்மணியைப் பிடித்தாள். “சார், கம்பெனிக்காரங்க லெட்டரை அடிச்சுக் கையில வச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க உங்க கடிதத்தோட வந்தாப் போதுங்க. நாளைக்குப் பத்தரைக்கு ராகு காலம் முடியுது. பத்தே முக்காலுக்கு பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்கு வந்துருங்க.” அடுத்த நிமிஷம் ஆரோக்கியராஜிடம், காலேஜ்காரர் கடிதத்தோடு காத்திருப்பதாக அதே பாட்டு. இரண்டிலும் மருந்துக்குக்கூட உண்மை கிடையாது. தேவிப்பிரியா போனைப் பிடுங்கக் கை நீட்டினாள். கூடவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை இருவருமே வந்துவிட்டார்கள். மடியில் பை, பைக்குள் கடிதம். டீ குடித்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். பையை மட்டும் யாரும் திறக்கவில்லை.

அத்தை பேக்கரித் தட்டு இரண்டை வாங்கி முந்தானையால் துடைத்தாள். பக்கத்துப் பெட்டிக்கடையில் வாங்கிய வெற்றிலையையும் வாழைப்பழத்தையும் வைத்து ஆளுக்கொன்றாக நகர்த்தினாள். “வைங்க சார்.” வேறு வழியில்லாமல் வைத்தார்கள்.

தமிழ்மணி நெளிந்தார். “பார்வைன்னு போட்டு உங்க கடித எண்ணைக் குறிக்கணுங்க. அது காலியா இருக்கு.”

“எங்களுதுலயும் அந்த எடம் காலிதாங்க,” என்றார் ஆரோக்கியராஜ்.

மறுபடி அதே இழுபறி. அத்தை அசரவில்லை. “ரெண்டு பேரும் பேனாவை எடுங்க. இவரு நம்பரை அவரு எழுதட்டும், அவரு நம்பரை இவரு எழுதட்டும். ஆச்சுங்களா? ஒண்ணு, ரெண்டு, மூணு.”

தட்டு மாறியது. பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து, மாப்பிள்ளை எந்த ஊரு என்று தமிழ்மணியிடம் கேட்டார்.

ஆரோக்கியராஜ் கடிதத்தைப் படித்தார். ‘இம்மாணவி நன்னடத்தை உடையவர்’ என்று ஒரே வரி. தட்டு மாற்றிய தோஷமோ என்னவோ, அவர் வாயில் அந்தக் கேள்வி வந்துவிட்டது. “லெட்டர் இருக்கட்டுங்க சார். பொண்ணு எப்படி?”

மூன்று வருஷத்தில் தமிழ்மணி தேவிப்பிரியாவை ஒருமுறைகூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

அவர் அவள் பக்கம் திரும்பினார். “பேரு எனக்குச் சட்டுனு வரமாட்டேங்குது, தப்பா நினைச்சுக்காதம்மா. எங்க லேப்ல இருக்கறது ஒரே மிக்ஸிங்க. போன வருஷம் அது புகைஞ்சுபோச்சு. ஆளை அனுப்புங்கன்னு ஆபீசுக்கு எழுதிப்போட்டுட்டு உக்காந்திருந்தேன். நாலாம் நாள் மத்தியானம் ஜன்னல் வழியாப் பாத்தா, எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க, இந்தப் பொண்ணு தரையில உக்காந்து அதைப் பிரிச்சு மாட்டிக்கிட்டு இருக்குது. உள்ள போனா பயந்துக்கும்னு சத்தமில்லாம திரும்பிட்டேன். அன்னையிலிருந்து அந்த மிக்ஸி ஓடுதுங்க.”

யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தெரிந்தால் திட்டுவார்கள் என்று பயந்து தோழியிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

“இதை லெட்டர்லயே எழுதியிருக்கலாமே சார்,” என்றார் ஆரோக்கியராஜ்.

“அந்த ஃபார்மட்ல இதுக்கெல்லாம் எடம் இல்லீங்களே.”

ஆரோக்கியராஜ் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். “திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கும்மா? பல்ப்பர் காலையிலிருந்து மக்கர் பண்ணுது. மெக்கானிக் ஊர்ல இல்ல. ஜீப் வெளியதான் நிக்குது.”

“நிச்சயம் பண்ணின அன்னிக்கேவா கூட்டிட்டுப் போவாங்க,” என்று அத்தை ஆரம்பித்துத் திரும்பிப் பார்த்தபோது, தேவிப்பிரியா ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.