இடிமுகன் திரும்பி வந்த காட்சி

1

இந்தக் கதை என்னுடையதில்லை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்காரும் பொன்மலரிடமிருந்து எடுத்தது. கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். “எழுதிக்கோ மேகலா, ஆனா நான் அழுத மாதிரி எழுதாத” என்றாள். அவள் அழவில்லை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

முதல் வரிக்கு நான்கு நாள் போனது.

பேரணாம்பட்டிலிருந்து காலையில் புறப்படும் பஸ்ஸில் ஜன்னலோரம் அமர்ந்திருந்த அந்தப் பெண், தொலைவில் தெரிந்த

வேண்டாம். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பனியைப் பார்ப்பார்கள். எங்கள் ஜன்னலில் முதலில் வருவது தோல் பதனிடும் ஷாப் வாடை.

ஒரு சூப்பர் ஹீரோ படத்தால் ஒரு கல்யாணம்

இதுவும் வேண்டாம். கல்யாணம் நிற்கவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். பொன்மலருக்கு அடுத்த மாதம் கல்யாணம். பதினெட்டு வருடத்துக்கு முன்பு வீட்டை விட்டுப் போன அவள் அப்பா சத்தியநாதன் திடீரென்று போன் செய்து, சர்ச்சில் அவள் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போகத் தான் வரலாமா என்று கேட்டார். அழைப்பிதழில் அவர் பெயரைப் போடுவதா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் அச்சகத்துக்குச் சொல்ல வேண்டும். அவள் ஏறக்குறைய சரி என்றே முடிவெடுத்திருந்தாள். அந்த வாரம்தான் இடிமுகன் மறுபடியும் ரிலீஸ் ஆனான்.

2

இடிமுகனைத் தெரியாதவர்களுக்காக: முகத்தில் உலோகக் கவசம், இரண்டு கையையும் தட்டினால் இடி இறங்கும். நாங்கள் ஒன்றாவது இரண்டாவது படித்தபோது வந்த பழைய படத்துக்கு இன்றும் உயிரை விடுகிற கூட்டம் இருக்கிறது. அதையே இப்போது புது நடிகரை வைத்து முதலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ரசிகர்களின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. பழைய கவசத்தில் கீறல் இருக்கும், புதியது சாப்பாட்டுத் தட்டு மாதிரி பளபளக்கிறது. பழைய இடி வயிற்றுக்குள் இறங்கும், புதியது காதோடு நின்றுவிடுகிறது. வில்லனுக்கு ஒரு சோகமான குழந்தைப் பருவத்தைச் சேர்த்து அவன்மேல் இருந்த பயத்தையே துடைத்துவிட்டார்கள். (இந்தக் கடைசிக் குறையைச் சொன்னது நான். யாரும் லைக் போடவில்லை.)

வேலூரில் பகல் காட்சிக்கு மாப்பிள்ளை நெல்வின் டிக்கெட் எடுத்திருந்தார். அங்கே ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்ப்பவர், புதுப்படத்தின் கட்சி. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் தனியாகப் போகக் கூடாது என்று பொன்மலரின் அம்மா பிரிஸ்கில்லா என்னையும் சேர்த்து அனுப்பினார். ஆக, நடுவில் நான், மடியில் இரண்டு பேருடைய பாப்கார்னும்.

கடைசிக் காட்சி இது. பாலம் இடிந்து முடிகிறது. இடிமுகன் தன் ஏழு வயது மகள் முன்னால் மண்டிபோட்டு, கவசத்தைக் கழற்றி அவள் கையில் கொடுக்கிறான். “என்னைத் தேடாதே” என்கிறான். இன்னொரு ஊரைக் காப்பாற்றப் பறந்து போகிறான். திரை வெளுக்கிறது. பெயர்கள் ஓடுகின்றன.

விளக்கு போட்டு, பெருக்குகிறவர்கள் உள்ளே வந்த பிறகும் பொன்மலர் எழுந்திருக்கவில்லை.

“அவ்ளோதானா? திரும்பி வர்ற சீன் எங்க?”

நெல்வினுக்குப் புரியவில்லை. பழைய படத்தில் இருந்ததை அவள் விவரமாகச் சொன்னாள். போகும்போது மகளை நூறு எண்ணச் சொல்லிவிட்டுப் போவான். அவள் எண்பத்தி மூன்று எண்ணும்போது கதவு திறக்கும். நனைந்த பூட்ஸோடு வாசலில் நிற்பான். இடது பூட்ஸில் அடி வாயைப் பிளந்திருக்கும்.

“பழசுலயும் போய்டுவான்மா. அதோட படம் முடிஞ்சுது” என்றார் நெல்வின்.

“நீங்க பழச ஒழுங்கா பாக்கல.”

3

இங்கே எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், கதைக்குத் தேவை.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நான் பேக்கிங் ஆபீஸ், அவள் செக்கிங். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் ஒரு ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதுதான் என்று ஒப்புக்கொண்டு, கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுப்பார். சீல் சாம்பிள் என்போம். ஒற்றைக் கால் ஷூ. லைனில் வரும் ஒவ்வொரு ஷூவும் அதன் பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். நிறம் மாறினால், தையல் விலகினால், ரிஜெக்ட். சாம்பிளை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆனால் ஒரு விதி உண்டு. பீரோவிலிருந்து எடுத்ததும் முதலில் சாம்பிளின் முத்திரையைப் பார்க்க வேண்டும். கையெழுத்து இருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா? அதன் பிறகுதான் ஒப்பிடலாம். ஆறு வருடத்தில் பொன்மலர் இதை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

படத்துக்குத் தவறவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கம்பெனித் தாள் மாதிரியே கோடு போட்டு, புதுப்படத்துக்கு ஒரு செக்கிங் ரிப்போர்ட் எழுதினாள். சாம்பிள்: பழைய படம். குறைகள்: பதினேழு. கவசம், குரல், பின்னணி இசை என்று போய், பதினேழாவது: “பெரிய குறை. திரும்பி வரும் காட்சி இல்லை. முழு லாட்டும் ரிஜெக்ட்.” போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள்.

பதினாறு குறைகளுக்குக் கைதட்டு விழுந்தது. பதினேழாவதற்கு ஒருவன் எழுதினான்: “அக்காவுக்கு மட்டும் தனியா ஒரு படம் ஓட்டிருக்காங்கபா.”

4

திங்கட்கிழமை பஸ்ஸில் என் வலது காதிலும் அவள் இடது காதிலும் ஒரே இயர்போன். நெல்வின் பழைய படத்தின் லிங்கை அனுப்பியிருந்தார். கடைசிப் பத்து நிமிடம் போதும் என்றாள்.

பாலம். மண்டிபோட்டான். கவசம். “என்னைத் தேடாதே.” வெள்ளைத் திரை. பெயர்கள்.

“இது தமிழு. நான் பாத்தது தெலுங்குல” என்றாள். எங்கள் பக்கம் கேபிளில் அப்போது தெலுங்குச் சேனல்கள்தான் ஜாஸ்தி. தெலுங்கையும் தேடி எடுத்தாள். அதிலும் அவன் மண்டிபோட்டான். “நன்னு வெதகொத்து” என்றான். வெள்ளைத் திரை.

நான்கு முறை ஓட்டினாள்.

“எனக்கு அந்தக் கதவு சத்தம் கேக்குது மேகலா. நான் பாத்தேன்டி. கண்ணால பாத்தேன்.”

(அவள் முகத்தை இங்கே வர்ணிக்க வேண்டும். மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். லைனில் ஆறு வருடம் ஒப்பிட்டுப் பார்த்த ஷூவே போலி என்று தெரிந்தால் ஒருத்தி எப்படி இருப்பாள்? அப்படி இருந்தாள்.)

5

அன்று சாயந்திரம் அம்மாவிடம் கேட்டாள். பிரிஸ்கில்லா பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார். சத்தியநாதன் பிறந்தது ஆந்திராவில் பலமநேர் பக்கம், தெலுங்கு நன்றாக வரும். மகளுக்கு வராது. டிவியில் அவர்கள் பேசப் பேச, இவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொல்வார்.

“அன்னிக்கு படம் முடிஞ்சு போச்சு. டிவிய அணைச்சிட்டாரு. ஆனா நிறுத்தல, அவரு பாட்டுக்குச் சொல்லிக்கினே இருந்தாரு. நூறு எண்ணு, கதவு திறக்குதுன்னு. நீயும் அந்தக் கறுப்பு டிவியவே பாத்துக்கினு இருந்த.”

பூட்ஸைப் பற்றிக் கேட்டாள். அம்மா பூண்டைக் கீழே வைத்தார்.

“கிழிஞ்ச பூட்ஸா? அது உங்கப்பாவோடது. ஷாப்புல தண்ணில நிக்கறதுக்குப் போடுவாரே, அது.”

பூண்டை மறுபடி கையில் எடுத்து, கேட்காமலே, இன்னொன்றும் சொன்னார்.

“பெட்டி கட்டி வச்சிட்டுத்தான் வந்து உக்காந்திருக்காரு. எனக்கே மறுநாள் காலைலதான் தெரிஞ்சிது.”

இதைப் பொன்மலர் எனக்குச் சொன்னபோது பஸ்ஸில் இருந்த சத்தமெல்லாம் நின்றுபோன மாதிரி இருந்தது. நிற்கவில்லை. பின்சீட்டில் யாரோ இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.*

* எனக்கும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நான் படித்த ரஷ்ய, ஜப்பானிய நாவல்கள் எல்லாமே தமிழில் படித்தவை. பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருக்கும் வரிகளை யார் எழுதினார்கள்? அங்கேயும் ஒருவர் திரை வெளுத்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாரா? புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்களில் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.

6

சத்தியநாதனை எனக்கு எழுத வரவில்லை. முதல் பிரதியில் இப்படி இருந்தது:

அவர் மகளை ஏமாற்றவில்லை. தன்னால் முடியாத ஒன்றை, ஒரு வீரனை வைத்தாவது அவளுக்குச் செய்து காட்ட

பொன்மலர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “நீயும் எங்கப்பா மாதிரியே டப்பிங் குடுக்கறியே.”

இரண்டாவது பிரதியில் அவரைக் கெட்டவராக்கினேன். ஏழு வயதுக் குழந்தையைப் பதினெட்டு வருடம் கதவையே பார்க்கவைத்த

அதையும் அவள் ஏற்கவில்லை. “அவ்ளோ கெட்ட ஆளா இருந்தா டிவிய அணைச்சிட்டு எழுந்து போய்ருப்பாருல்ல.”

அவர் போன அன்று அவளும் எண்ணியிருக்கிறாள். எத்தனை நூறு என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். அந்தக் காட்சியை நம்பித்தான் இத்தனை வருடமும் அவர்மேல் கோபப்படாமல் இருந்தாள். போன் வந்தபோது அவளுக்கு ஆச்சரியமே இல்லை. கதவு கொஞ்சம் லேட்டாகத் திறந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். இப்போது அந்தக் கதவே இல்லை. ஒரு ஆள் மட்டும் போனில் இருக்கிறார், வரட்டுமா என்று கேட்டுக்கொண்டு.

7

சனிக்கிழமை காலை, பஸ் மெயின் ரோட்டிலிருந்து கம்பெனிப் பக்கம் திரும்பியதும் அவள் போனை எடுத்தாள். கேட்டில் செக்யூரிட்டியிடம் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். இருந்தது இரண்டு நிமிடம்.

“அப்பா, பொன்மலர் பேசறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இடிமுகன் படம் பாத்தோம்ல. கடசில இன்னா ஆவும்?”

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் கண் ஒருமுறை அகலமாகத் திறந்தது, அப்படியே நின்றது. “சரி” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் கையில் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

“நூறு எண்ணச் சொல்லுவான்மா. எண்பத்தி மூணுல வந்துடுவான்.” பதினெட்டு வருடத்தில் எண்கூட மாறவில்லை. அப்படியானால் அவர் எதையும் மறக்கவில்லை. பொய்யையும் விடவில்லை.

அல்லது: “போய்டுவான்மா. திரும்ப மாட்டான். நான்தான் மாத்திச் சொன்னேன்.” ஒப்புக்கொண்டவரை மன்னிக்க வழி இருக்கிறது. ஆனால் அவர் அவளுக்கென்று விட்டுவிட்டுப் போனது அந்த ஒரு காட்சிதான். அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறார்.

அல்லது: “எந்தப் படம்மா?”

மூன்றாவதை எழுதியதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அதுவரை எனக்கே தோன்றவில்லை.

பொன்மலரிடம் மூன்றையும் காட்டினேன். நிதானமாக, லைனில் ஷூ பார்ப்பது போலப் பார்த்தாள். “இதுல ஒண்ணுதான்” என்றாள். எது என்று கேட்டேன். “நீதான எழுதறவ” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை செக்கிங்கில் நடந்ததை மட்டும் உறுதியாகச் சொல்வேன், ஆபீஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாம்பிளை எடுத்தாள். முத்திரையைப் பார்த்தாள். வழக்கம்போல உடனே கீழே வைக்கவில்லை. ஷூவுக்குள் கையை விட்டுத் திருப்பி, அடியைத் தடவி, பிளந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

8

அழைப்பிதழ் நேற்று வந்தது. வெள்ளை உறை, மேலே என் பெயர் அவள் கையெழுத்தில். உள்ளே “மகள்” என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு பெயர் இருக்கும், அல்லது இரண்டு. என்னிடம் இருக்கும் மூன்று அப்பாக்களில் யார் பேசியிருந்தாலும் அவள் இரண்டில் எதை வேண்டுமானாலும் செய்திருக்கலாம். அதனால் உறையைத் திறந்தாலும் அவர் சொன்னது எனக்குத் தெரியப்போவதில்லை. இது புரிந்தபோது இரண்டாவது முறை தூக்கிவாரிப்போட்டது.

எனவே பதிலை உங்களிடம் விட்டுவிடுகிறேன். யாருடைய மகள் என்று நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். டப்பிங் மட்டும் கொடுக்காதீர்கள்.

உறை ஒட்டப்படவில்லை. மூடியைச் செருகித்தான் வைத்திருக்கிறாள். விரலால் தூக்கினால் போதும். கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, ஏன் என்று தெரியாமலே, நான் எண்ண ஆரம்பித்திருக்கிறேன்.

எண்பத்தொன்று.

எண்பத்திரண்டு.